பெட்ரோல் மூடி எந்தப் பக்கம்?

“நோ... நோ... நோ! மிஸ்டர் சாலமோன், தப்பு!”

முதல் ‘நோ’ மெதுவாக வந்தது. இரண்டாவது கொஞ்சம் சத்தமாக. மூன்றாவது சிட்லபாக்கம் ஏரியின் அக்கரைக்கே கேட்டிருக்கும். எதிர்வீட்டு சாம்பசிவன் சார் கேட்டுக்கு வெளியே நின்றால் எப்போதும் இப்படித்தான்.

சாலமோன் ஸ்பானரைக் கீழே வைத்தார். “என்ன சார் தப்பு?”

“பெட்ரோல் மூடி. அசல் வண்டியில இடது பக்கம் இருக்கும். ஓட்டினவன் சொல்றேன்.”

சாலமோனுடையது அசல் இல்லை. அந்தக் காலத்து இங்கிலாந்து ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்து, பழைய மாருதி எஞ்சினுக்கு மேல் யாரோ ஃபைபரில் உடம்பு கட்டிய நகல். அதை அசலாகவே தோன்ற வைத்துவிட வேண்டும் என்று மனுஷனுக்கு வெறி. குடியரசு தினத்தன்று தாம்பரத்தில் பழைய கார் ஊர்வலம். நகல்களில் அசலுக்கு ரொம்ப நெருக்கமான ஒன்றே ஒன்றை மட்டும் அதில் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஒன்று தன்னுடையதாக இருக்க வேண்டும்.

வண்டி தெருவுக்கு வந்த அன்றே சாம்பசிவன் சார் வந்து நின்றுவிட்டார். “இதோட அசல் என்கிட்ட இருந்தது.”

“போட்டோ இருக்கா சார்?”

“எல்லாம் வெள்ளத்துல போச்சு.”

அன்று முதல் அவர் சொன்னதுதான் சட்டம். பிளாஸ்டிக் ஸ்டீயரிங் கழன்று மர ஸ்டீயரிங் வந்தது. கதவில் இருந்த சைடு கண்ணாடி முன் சக்கரத்துக்கு மேலே ஏறியது. சீட்டுக்குப் பல்லாவரத்தில் தோல் தைத்தார்கள்.

“ஏங்க, கார் உங்களுதா, அவருதா?” என்றாள் பியூலா. எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். வீட்டிலும் அதே குரல்தான். “என் பசங்ககூட இவ்வளவு கீழ்ப்படிய மாட்டாங்க!”

மூடிக்காக டிங்கர் வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.

“இன்னா சார், நல்லாகீற ஓட்டைய அடைச்சுட்டு, அந்தாண்ட புதுசா ஓட்டை போட சொல்றே? பேஜாரா கீதே!”

“போடுங்கண்ணா.”

நாற்காலி போட்டு உட்கார்ந்து சாம்பசிவன் சார் மேற்பார்வை பார்த்தார். “மெதுவாப்பா, மெதுவா! வண்டிக்கு வலிக்கும்!”

குடியரசு தினம் வந்தது. பாதித் தெரு வேடிக்கை பார்க்கக் கிளம்பியது. சாம்பசிவன் சார் கோட்டு போட்டு, சாலமோன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

நடுவர் ரோஹிணி என்று ஒரு அம்மா. “ஸ்டீயரிங், கண்ணாடி, சீட்டு... சூப்பர் சார்! அப்படியே அசல்!” என்று பாராட்டிக்கொண்டே பின்பக்கம் போனவர் நின்றார்.

“மூடி ஏன் சார் இடது பக்கம் இருக்கு? அசல்ல வலது ஆச்சே! இதுல யாருமே தப்பு பண்ண மாட்டாங்களே, யார் உங்களுக்குச் சொன்னது?”

தெருவே சாம்பசிவன் சாரைப் பார்த்தது. அவர் தொண்டையைக் கனைத்தார். கனைப்புக்கு அப்புறம் வர வேண்டிய ‘நோ’ வரவில்லை.

“என் தப்பு மேடம்,” என்றார் சாலமோன். “சார் வலதுன்னுதான் சொன்னார். நான்தான் அவசரப்பட்டு மாத்தி வெட்டிட்டேன்.”

ஊர்வலத்தில் வேறு யாருடைய நகலோ போனது.

திரும்பும்போது ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க சாம்பசிவன் சார் வாயே திறக்கவில்லை. கியர் கரகரத்தபோதுகூட. இறங்கினார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

பியூலா விடுவாளா?

“போன்ல தேடினா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா?”

“பார்த்தேன்.”

“எப்போ?”

“வண்டி வாங்குறதுக்கு முன்னாடியே.”

பியூலா உட்கார்ந்துவிட்டாள். “அப்போ அவர் சும்மா அளக்கிறார்னு...”

“தெரியும். அவர் சம்சாரம் பாலாம்பாள் அம்மா தவறினதுக்கப்புறம் அவர் யார்கிட்டயாவது பேசி நீ பார்த்திருக்கியா? இந்த வண்டி வந்தப்புறம்தான் கேட்டைத் தாண்டி வெளிய வந்தார். ‘நீங்க சொல்றது தப்பு சார்’னு நான் சொல்லியிருந்தா, மறுநாள் யாருக்கு ‘நோ’ சொல்வார்? ஊர்வலம் அடுத்த வருஷமும் வரும்.”

பியூலா எழுந்தாள். உள்ளே போய் காபியை மறுபடி சூடாக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் சாம்பசிவன் சார் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறப்பார். இந்தப் பக்கம் பார்க்காமலே சாத்திக்கொள்வார்.

“தெருவுல எல்லார்கிட்டேருந்தும் அவரைக் காப்பாத்திட்டேன்னு நினைச்சேன், பியூலா,” என்றார் சாலமோன். “தான் இடதுன்னு சொன்னது அவருக்குத் தெரியுமே! நான் பொய் சொன்ன அந்த நிமிஷமே, எனக்கு எல்லாம் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, ‘நான் ஓட்டின வண்டியில இடதுதான்’னு அந்த அம்மாகூடவே சண்டை போட்டிருப்பார்.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்ததும், சாலமோன் காரைக் கிளப்பி எதிர்வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். ஹாரனை அழுத்தினார்.

“சார்! ஹாரன் சத்தம் அசல் மாதிரியே இல்லை. கொஞ்சம் வந்து கேளுங்களேன்!”

கதவு பாதி திறந்தது. சாலமோன் அந்த மூன்று ‘நோ’வுக்காகக் காத்திருந்தார்.

“சரியாத்தான் இருக்கும் சாலமோன்,” என்றார் சாம்பசிவன் சார். “எனக்கென்ன தெரியும்?”