சோம்பேறி ரகம்

“கால்ல ஒரு கோளாறும் இல்ல ஏஞ்சல். ஆளு சோம்பேறி ரகம், அவ்ளோதான்!”

பைக்கை ஸ்டாண்டு போட்டபடியே மனைவியிடம் போனில் அலுத்துக்கொண்டான் ஜெபகுமார். வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுக்கிறவன். எந்த நோயாளியையும் பார்த்த மாத்திரத்தில் இன்ன ரகம் என்று முத்திரை குத்திவிடுவான்.

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்துகொண்டிருந்த பரமசிவத்துக்கு மாடியிலிருந்து விழுந்து கால் முறிந்தது. எலும்பு கூடி வெகுநாளாகியும் மனிதர் கட்டிலை விட்டு இறங்குவதாக இல்லை. அவரைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்துவிட்டு, துணி மாற்றிவிடுவதெல்லாம் மனைவி கிருஷ்ணம்மாள்தான்.

“அந்தம்மா தியாகி ரகம். சரி, வெச்சிடறேன்.”

அன்று வழக்கத்தைவிட முன்னாடியே வந்திருந்தான். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

பரமசிவம் ஸ்டூல் மேல் ஏறி நின்று, மகனின் போட்டோவுக்கு மேலே பல்பு மாட்டிக்கொண்டிருந்தார்!

“அய்யா!”

அவசரமாக இறங்கியவர், சரசரவென்று நடந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

“எப்ப இருந்து நடக்கறீங்க?”

“தீபாவளிக்கே நடக்க வந்துடுச்சிப்பா.”

“உங்களைத் தூக்கித் தூக்கி அந்தம்மாவுக்கு இடுப்பே விட்டுப்போச்சு. மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதா உங்களுக்கு?”

“இருக்கறதாலதான் படுத்துக்கினு கீறேன்.” பரமசிவம் போட்டோவைப் பார்த்தார். “உதயகுமாரு லாரியில அடிபட்டுப் போனான் பாரு, அன்னிக்கு சுவத்தப் பாத்துப் படுத்தவதான் இவ. சோறு இல்ல, தண்ணி இல்ல, ஒரு வார்த்த பேச்சு இல்ல. நான் மாடியில இருந்து விழுந்த அன்னிக்குத்தான் எழுந்து ஓடியாந்தா. எனக்குக் கஞ்சி வெச்சா. பக்கத்துல உக்காந்து அவளும் ரெண்டு வாய் குடிச்சா.”

ஜெபகுமாரும் போட்டோவைப் பார்த்தான்.

“நான் எழுந்துட்டேன்னு வெச்சுக்கோ, அவ திரும்பப் படுத்துக்குவா. அவளுக்கு யாராச்சும் வேணும்பா, பாத்துக்கறதுக்கு. சொல்லிடாத தம்பி, உன் கால்ல விழறேன்.”

அவர் குனிவதற்குள் ஜெபகுமார் அவரது கைகளைப் பிடித்துக்கொண்டான். இந்த மனிதரையா சோம்பேறி என்றோம்?

தெருமுனையில், காய்கறிப் பையோடு எதிரே வந்தாள் கிருஷ்ணம்மாள்.

“என்னா தம்பி, அதுக்குள்ள கெளம்பிட்ட? எப்டி இருக்குது அவருக்கு?”

அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “கால்ல தெம்பே வரலம்மா. இன்னும் ரொம்ப நாளு ஆவும் போல.”

கிருஷ்ணம்மாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கிட்டே வந்தாள்.

“நல்ல புள்ளப்பா நீ. இப்படியே சொல்லிக்கினு இரு. அவரு நடக்கறது எனக்கும் தெரியும்.”

ஜெபகுமாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“தெரிஞ்சா... தெரிஞ்சுமா அவரைத் தூக்கிச் சுமக்கறீங்க?”

“நான் படுத்துடுவேன்னு பயந்துக்கினு கெடக்கறாரு. கெடக்கட்டும். எனக்காக நடிக்கணும்ன்ற நெனப்பு இருக்கற வரைக்கும்தான் அவரு எனக்கு மிஞ்சுவாரு.”

“என்னம்மா சொல்றீங்க? ஒண்ணும் புரியலியே.”

முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, எழும்பாத குரலில் சொன்னாள் கிருஷ்ணம்மாள்:

“அன்னிக்கு மாடியில இருந்து அவரு விழல தம்பி. குதிச்சாரு.”