சனிக்கிழமை வந்த தாள்

கல்முனைக் கடற்கரைக்கு நேராக வந்ததும் றிப்தி தொடைப் பட்டியில் செருகியிருந்த தாளை எடுத்து இன்னொரு தடவை பார்த்தான்.

எங்கெங்கே, எந்த நேரத்தில் பறக்கக்கூடாது என்று சொல்லும் தாள் அது. புறப்படுமுன் அதைப் பார்ப்பது விமானியின் பொறுப்பு. றிப்தி நேற்றே இரண்டு தடவை வாசித்துவிட்டான்.

பக்கத்தில் இருந்த மீராசாஹிபுவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சம்மாந்துறையில் அரிசி ஆலை வைத்திருப்பவர். தன் வயலை மேலிருந்து பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்து, இந்தச் சின்ன விமானத்தில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார்.

“சண்ட முடிஞ்சி ஒரு வருசமாப் போச்சு தம்பி, இனி ஆரு வானத்தப் பூட்டப்போறான்?”

றிப்தி தாளை மடித்து வைத்தான். கோபம் வரவில்லை. ஐந்தரை வருடமாக அவனுக்கு எதற்குமே கோபம் வருவதில்லை. அழுகையும் அப்படித்தான்.

கீழே சாய்ந்தமருது வந்தது. மணலில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து கை காட்டினார்கள். மற்ற விமானிகள் என்றால் இறக்கையை ஆட்டிக் காட்டுவார்கள். றிப்தி நேராகப் பறந்தான்.

கடலை விட்டு எட்ட, பெரிய ரோட்டை ஒட்டி ஒரு பச்சைக் கூரை தெரிந்தது. மீராசாஹிபு அதைக் கண்டுகொண்டார்.

“அது உங்கட ஊடுதானே? சுனாமித் தண்ணி அங்க வரல்லியே. பின்ன தாயும் புள்ளையும் எப்படி...”

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ஓம், வரல்ல” என்றான் றிப்தி.

சுனாமிக்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு மனைவி சுஹறாவுக்குப் போன் எடுத்திருந்தான். ஞாயிறு காலை எட்டரைக்கு, நிப்லாவைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு வா. தாழப் பறந்து வருவேன். மகளுக்கு இறக்கையை ஆட்டிக் காட்டுவேன்.

அது சமாதான காலம். கிழக்கு வானம் மாதக்கணக்கில் திறந்தே கிடந்தது. தாளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு இரத்மலானை விமான நிலையத்தில் தாளைப் பார்த்தான். மதியம் வரை கிழக்குக் கரைமேல் பறக்கத் தடை. ஏதோ கடற்பயிற்சியாம்.

அவன் பறக்கவில்லை. சட்டத்தை மீறாத நல்ல விமானி என்று பிறகு பலர் சொன்னார்கள்.

தடையைக் கண்டதுமே வீட்டுக்குப் போன் எடுத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விடிகாலை சுபஹு தொழுத கையோடு சுஹறா மகளோடு கிளம்பி, கூடப்பிறந்த ராத்தாவின் கடலோர வீட்டில் போய் இருந்தாள். அங்கே போன் இல்லை. வானத்துக்குக் காட்ட மஞ்சள் துப்பட்டி ஒன்றையும் எடுத்துப் போனாள் என்று அயல்வீட்டார் சொன்னார்கள்.

அந்தப் பழைய தாளை றிப்தி இன்னும் சட்டைப் பையில் வைத்திருக்கிறான். அது வந்து சேர்ந்த நேரம் மேல் மூலையில் பதிந்திருக்கிறது.

சனிக்கிழமை, பின்னேரம் நான்கு மணி.