காலி டிரெய்லர்

விருத்தாசலத்திலிருந்து கொண்டுவந்த பீங்கான் சாமான்களைக் கச்சிராயபாளையத்தில் இறக்கிவிட்டு, மரவள்ளிக்கிழங்கு ஏற்றிவர ஜம்புலிங்கம் டிராக்டரோடு கல்வராயன் மலை ஏறினார். பின்னால் டிரெய்லர் காலி. ஆனாலும் மூன்றாவது வளைவிலேயே எஞ்சின் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது.

ஓரங்கட்டிப் பார்த்தார். தண்ணீர் குறையவில்லை, ஃபேன் பெல்ட்டும் சரியாக இருந்தது. மெக்கானிக் கொளஞ்சிநாதனுக்குப் போன் போட்டார்.

“லோடு எவ்ளோங்க இருக்குது?”

“ஒண்ணுமே இல்லப்பா.”

“லோடு இல்லாம இவ்ளோ சூடேறாதுங்களே. நல்லாப் பாருங்க.”

திரும்பிப் பார்த்தார். டிரெய்லரில் ஒரு துரும்புகூட இல்லை. டயர்கள் மட்டும் பாரம் தாங்காமல் அமுங்கிக் கிடந்தன.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவிடத்தான் அவருக்கு முதலில் தோன்றியது. ஆனால் மனைவி சிந்தாமணி செத்து இந்த இரண்டு வருடத்தில் அவரோடு யாரும் எங்கேயும் வந்ததில்லை. கிழங்கு ஏற்றாமலே வண்டியைத் திருப்பி, குலுங்காதபடி பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

வீடு வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. டிரெய்லரின் பின்கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

“இதாங்க நம்ம வூடு. நான் ஒண்டியாத்தான் இருக்கேன். உள்ள வாங்க.”

டயர்கள் மெல்ல நிமிரத் தொடங்கின. நிமிர்ந்து முடிய வெகுநேரம் ஆயிற்று.