பவளக்கொடியின் கையெழுத்து

சிறார் நீதிக் குழும அலுவலகத்தில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "இருநூத்திப் பதினேழு நீங்கதானா?" என்றாள் எழுத்தர் சுகிர்தா. பதினாறு வயதில் அவன்மேல் போட்ட திருட்டு வழக்கின் கோப்பை, சட்டப்படி இன்று அழிக்கிறார்கள். புது வேலைக்குப் போலீஸ் விசாரணை வருமுன் அழித்துவிடச் சொல்லி மனுக் கொடுத்தவனும் அவன்தான்.

ஒவ்வொரு தாளாகக் காகிதம் நறுக்கும் இயந்திரம் இழுத்துக்கொண்டது. ஜாமீன் பத்திரம் வந்தபோது அவன் கை தன்னால் நீண்டது. "அதுல எங்கம்மா கையெழுத்து இருக்கு மேடம்."

அம்மா பவளக்கொடி காலமெல்லாம் கைநாட்டுதான். "கைநாட்டுன்னு எளப்பமா நெனச்சுப் புள்ளைய விடாமப் போயிட்டா?" என்று மூன்று நாள் அடுப்புக்கரியால் தரையில் எழுதிப் பழகி, அந்த ஒரு தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டாள். அப்புறம் எங்கும் போடவில்லை. போன ஆடியில் போய்ச் சேர்ந்தாள்.

"ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கவா?"

"நகலே இருக்கக் கூடாது தம்பி. உங்க நல்லதுக்குத்தானே சட்டம்."

அவன் தலையாட்டினான். கோணல்மாணலான அந்த ஆறு எழுத்துகளும் நூல் நூலாக உள்ளே போயின. அழுகை வரவில்லை. காலையில் சாப்பிடவில்லை என்பது மட்டும் நினைவுக்கு வந்தது.

சுகிர்தா, எண்கள் மட்டுமே இருந்த அழிப்புப் பதிவேட்டை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். அவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

"ஐயோ, கையெழுத்துப் போட்டுடாதீங்க, பேரு வந்துரும்" என்று ஸ்டாம்ப் பேடை நகர்த்தினாள். "கைநாட்டு வைங்க, போதும்."