களிம்பு

நான்காம் முறை வந்த பிஜு ஓவனைத் தொடவே இல்லை. கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு சமையலறை வாசலிலேயே நின்றான்.

"சேச்சி, பின்னால இருக்கிற மூடியை நீங்களே கழட்டி எடுங்க. நான் சொல்லித் தாறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாலை ஐந்து மணிக்கு இடப்பள்ளியில் ஒரு நிச்சயதார்த்தம், முட்டையில்லாத கேக் இரண்டு கிலோ போக வேண்டும். காலையில் வைத்த முதல் கேக் மேலே வெளிறியும் நடுவில் கூழாகவும் வந்து குப்பைக்குப் போயிருந்தது. இவனோ மாப்பிள்ளை வீட்டு மாமா மாதிரி நிற்கிறான்.

மூன்று மாதத்தில் மூன்று முறை வந்து, மூன்று முறையும் சூட்டை அளக்கும் சென்சாரை மாற்றிவிட்டுப் போனான். சில வாரம் ஒழுங்காக ஓடும். பிறகு பழைய கதைதான். பாதிச் சூட்டிலேயே முழுச் சூடும் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஓவன் ஓய்ந்துவிடும்.

முதல் முறை, மட்டாஞ்சேரியின் உப்புக் காற்றுதான் காரணம் என்றான். நம்பினேன். இரண்டாம் முறையும் அதையே சொன்னபோது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிரித்தேன். மூன்றாம் முறை, சென்சாரின் ஒயர் இணைப்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

காலையில் அந்தக் கேக் கெட்டதும் அவன் கம்பெனிக்கு போன் செய்து, வேலை தெரியாதவனை அனுப்புகிறீர்கள் என்றேன். இன்னொரு முறை கெட்டால் ஆளை வேலையை விட்டே எடுத்துவிடுகிறோம் என்றார்கள். எடுத்துவிடுங்கள் என்றேன்.

அது அவனுக்கும் தெரிந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் ஓவனைப் பார்த்தே பேசினான்.

இந்தத் தெருச் சாக்கடையை ஒரு காலத்தில் சுத்தம் செய்துகொண்டிருந்த கார்ப்பரேஷன் தங்கப்பனின் மகன் அவன். முதல் நாளே என் மாமியார் காமாக்ஷி விசாரித்துத் தெரிந்துகொண்டார். தமிழ் பேசும் மெக்கானிக் கிடைத்ததில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அவன் வரும்போதெல்லாம் கேட்காமலே காபி வரும், புதுப் பேப்பர் கப்பில்.

வேறு வழியில்லை. ஸ்குரூ டிரைவரை நானே எடுத்தேன்.

"கை வலியா பிஜு?"

அவன் சிரித்தான்.

மூடி வந்தது. மீட்டரை என் கையில் தராமல் மேஜைமேல் வைத்தான். சென்சாரைத் தனியாகக் கழற்றி அளக்கச் சொன்னான். ஆயிரத்து நூறு ஓம். ஆறிக் கிடக்கும் ஓவனுக்கு அதுதான் சரியாம். ஒயர் இணைப்போடு சேர்த்து அளந்தால் ஆயிரத்து நானூறு. ஓம் கூடினால் சூடு கூடியதாக ஓவன் எடுத்துக்கொள்ளுமாம்.

"சென்சார் பொய் சொல்லலை, சேச்சி. நடுவுல இருக்கிறதுதான் பொய் சொல்லுது."

இணைப்பைப் பிடித்து இழுத்தேன். ஒரு மாதம் முன்பு சென்சாரோடு அவன் மாட்டிய புது இணைப்பு, கோயில் குத்துவிளக்கின் அடிபோலப் பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. களிம்புக்கு அடியில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. என் விரலில் ஒட்டிக்கொண்டது.

"இது என்ன மஞ்சள்?"

அவன் என் விரலைப் பார்த்தான்.

"உப்புக் காத்துதான், சேச்சி."

சண்டை போட நேரமில்லை. அவன் சொல்லச் சொல்ல, பழைய இணைப்பை வெட்டி எறிந்து புதியதை மாட்டினேன், மூடியை முடுக்கினேன். நூற்றெண்பதில் வைத்தோம். உள்ளே வைத்த தெர்மாமீட்டரும் நூற்றெண்பது காட்டியது. எனக்கே என் கைமேல் ஒரு மரியாதை வந்தது.

மலையாளத்தில் ரிப்போர்ட் எழுதினான். காரணம் என்ற இடத்தில் உப்புக் காற்று. நான் கையெழுத்துப் போட்டேன். காபியை நின்றபடியே குடித்துவிட்டு, கப்பைக் கசக்கித் தன் பையிலேயே போட்டுக்கொண்டு போனான்.

வழக்கமாக அவன் போனதும் கேக் பெட்டி வாங்க நான் கடைக்கு ஓடிவிடுவேன். அன்று பெட்டி இருந்தது. அதனால் சமையலறையிலேயே நின்றேன்.

மாமியார் பித்தளைச் சொம்போடு உள்ளே வந்தார். மஞ்சள் தண்ணீர். அதில் துளசி இலை மிதந்தது.

"எங்கெல்லாம் தொட்டான்?" என்று கேட்டார். வேஷ்டி எங்கே காய்கிறது என்று கேட்கிற குரல்தான்.

வெளியாள் வந்துபோனால் அவர் மஞ்சள் தண்ணீர் தெளிப்பது எனக்குத் தெரியும். வாசலோடு, தரையோடு நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். நினைத்தேன் என்பதும் பொய். நினைத்தே பார்த்ததில்லை.

"எதையும் தொடலை, அம்மா."

"நல்ல பையன். விவரம் தெரிஞ்சவன்," என்றார் மனம் நிறைந்து. சொம்பை மேடையில் திரும்ப வைத்தார்.

சொம்பையும் ஓவனின் பின்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். சோப்புப் போட்டும் விரலில் மஞ்சள் போகவில்லை.

கேக் நன்றாக வந்தது. நடுவில் குச்சியை விட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. இடப்பள்ளிக்கு அனுப்பிவிட்டு, புகாரைத் திரும்ப எடுத்துக்கொள்ள கம்பெனிக்கு போன் செய்தேன்.

பிஜுமேல் தப்பில்லை, அவனை எடுக்க வேண்டாம் என்றேன். அப்படியானால் மூன்று முறை கெட்டதற்குக் காரணம் என்ன என்று எழுதுவது என்று போனில் பேசிய பெண் கேட்டாள்.

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

உப்புக் காற்று என்றேன்.