மொட்டைப் பக்கம்

"என்னம்மா, நேத்து ஏத்தின புதுப் பக்கம் மொட்டையா நிக்குது? கலரும் இல்லை, ஒண்ணும் இல்லை!"

போனில் கத்தியவர் அய்யாதுரை. நர்ஸ்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் கம்பெனியின் முதலாளி. தி. நகரில் ஹம்சினி நடத்தும் வெப் டிசைன் ஆபீஸுக்கு முதல் கஸ்டமரே அவர்தான். அவர் போனால் ஆபீஸுக்குப் பூட்டுதான்.

ஹம்சினி இரண்டு கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். புது பிரவுசரில் பட்டுப்புடவை கட்டின மாதிரி ஜொலித்தது. பழைய பிரவுசரில் வெறும் கறுப்பு எழுத்து.

"வைரவன், என்ன இது?" என்று பக்கத்தைச் செய்த பையனைக் கேட்டாள்.

"ஸ்டைல் ஷீட் மேடம். விஷயம் ஒரு ஃபைல்ல, அலங்காரம் தனி ஃபைல்ல. புது பிரவுசர் ரெண்டையும் எடுத்துக்கும். பழசுக்கு அலங்காரம் புரியாது, விஷயத்தை மட்டும் காட்டும்."

"பாதிப் பேர்கிட்ட பழசுதானே இருக்கு? முன்னாடி மாதிரி எல்லாத்தையும் படமாவே போட்டுடுங்க."

"வேண்டாம் மேடம்."

ஏன் என்று அவள் கேட்பதற்குள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டான்.

சேர்ந்து ஆறு மாதம் ஆகவில்லை, அதற்குள் இத்தனை பிடிவாதமா! போதாததற்கு, தினமும் மதியம் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் ஒரு ஃப்ளாப்பியோடு கிளம்பிவிடுகிறான். வேலையை வேறு கம்பெனிக்கு விற்கிறானோ? அப்படி மட்டும் இருக்கட்டும், இன்றோடு சீட்டைக் கிழித்துவிட வேண்டியதுதான்.

ஆனாலும் எங்கேதான் போகிறான்? குறுகுறுப்பு தாங்காமல் ஸ்கூட்டியில் பின்னாலேயே போனாள்.

ராயப்பேட்டையில் ஒரு சந்து. அதில் ஒரு பிரவுசிங் சென்டர். இருந்த மூன்று கம்ப்யூட்டரும் அரதப்பழசு. வைரவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்துக் கம்ப்யூட்டரில் அதே மொட்டைப் பக்கம். நர்ஸ் யூனிஃபார்மில் ஒரு பெண் மளமளவென்று விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"வாம்மா, குந்து," என்றாள் சென்டரை நடத்தும் அன்வரி பேகம். "அந்தப் பொண்ணு இப்ப முடிச்சிடும். நேத்துலேர்ந்து அஞ்சு நிமிசம்தான்."

"அதுக்கு முன்னாடி?"

"அத்த ஏன் கேக்குற! பழைய பக்கம் பூரா படமாவே இருக்கும். இந்த மெஷின்ல அது தொறக்கறதுக்குள்ள காசு குடுத்து வாங்கின நேரமே முடிஞ்சிடும். எத்தினி பொண்ணுங்க அழுதுக்கினு எழுந்து போச்சு தெரியுமா? அத்த பண்ண ஆளை நான் திட்டாத திட்டு இல்ல."

"யார் பண்ணினதாம்?" என்றாள் ஹம்சினி.

"இதோ குந்திக்கினு கீறாரே, இவருதான். வேற வேலையா வந்தவரு, நான் திட்டறத கேட்டுட்டு, 'நான்தான் பண்ணேன், என் தப்புதான், மாத்தித் தரேன்'னாரு. அன்னிலேர்ந்து தினம் பசியோட வந்து சரி பண்றாரு, பாவம்."



இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்தப் பழைய பக்கத்தைச் செய்ததற்காக ஹம்சினிக்குக் கிடைத்த 'சிறந்த டிசைன்' பரிசுப் பத்திரம், ஆபீஸில் வைரவன் நாற்காலிக்கு நேர் எதிரே, சட்டம் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.