சப்பான்காரன் மட்டும் ஜெயிச்சிருந்தா

ரயில் வருவதற்குள் ஜப்பான் வந்துவிட வேண்டுமே என்று சுதர்ஷினி தவித்துக்கொண்டிருந்தாள்.

இலங்கை மலைநாட்டு வட்டவளையில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது பக்கீர் நானாவின் பலசரக்குக் கடைப் பின்னறையில்தான். தண்டவாளமோ அந்த அறை ஜன்னலுக்கு நேர் கீழே ஓடுகிறது. ஜப்பானில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனிலேயே நேர்முகத் தேர்வு. சொன்ன நேரம் தாண்டியும் போன் திரையில் அவள் முகம் மட்டுமே தெரிந்தது. பதுளை ரயில் இப்போதோ அப்போதோ வந்துவிடும்.

போனைப் பருப்பு மூட்டைமேல் சாய்த்துவைத்தாள். சரிந்தது. சீனி மூட்டைக்கு மாற்றினாள். எழுந்து ஜன்னலைச் சாத்தினாள், இருட்டாக இருக்கிறதென்று மறுபடி திறந்தாள்.

இது இரண்டாவது தடவை. முதல் தேர்வில் மழை இரைச்சலில் கேள்வி ஒன்றும் காதில் விழாமல் போய், வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இதுவும் கைநழுவினால் வருகிற வாரமே தோட்டத்தில் பேர் பதிய வேண்டியதுதான். அம்மாவால் இனி மலையேற முடியாது. வீட்டிலிருந்து ஒருவராவது கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் குடியிருக்கத் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவைத் திருப்பிக் கேட்டு வருவார்கள். பள்ளி விடுமுறைகளில் நெற்றியில் கயிறு மாட்டிச் சுமந்த கூடையை நினைத்தாலே அவளுக்கு நெற்றி வலித்தது.

அப்பா வீரய்யாவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. போனுக்குப் பின்னால் கருவாட்டுப் பெட்டிமேல் உட்கார்ந்து யுத்தத்தை முடித்துவைத்துக்கொண்டிருந்தார். உலக யுத்தம், இரண்டாவது.

"சப்பான்காரன் மட்டும் ஜெயிச்சிருந்தா, நீ இந்தப் பாஷைய காசு குடுத்துப் படிச்சிருக்க வேணாம் தாயி."

வீரய்யாவின் யுத்தம் தினம் ஒரு மாதிரி முடியும். எப்படி முடிந்தாலும் வெள்ளைக்காரன் தோற்பான். சயாமில் போட்ட ரயில் ரோடு பர்மா வழியாக மதராசுக்கு வந்து, கடலையும் தாண்டி, நேரே வட்டவளையில் வந்து நிற்கும். அதிலிருந்து கோட்டும் தொப்பியுமாக ஆண்டியப்பன் இறங்குவார்.

ஆண்டியப்பன், வீரய்யாவின் தாத்தாவுக்குத் தம்பி. திருச்சிப் பக்கத்திலிருந்து அண்ணன் இங்கே தேயிலைக்கு வர, தம்பி மலாயாவுக்கு ரப்பர் வெட்டப் போனார். யுத்தத்தில் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து, சயாமில் ரயில் ரோடு போட அவரைக் கூட்டிப் போனான் என்பதுதான் கடைசியாகக் காதுக்கு எட்டிய சேதி.

ரயில்வே என்றால் இந்த மலையில் அரசாங்க உத்தியோகம், குவாட்டர்ஸ், பென்ஷன். பால் வெட்டப் போன கூலிக்கு ரயில்வேயிலேயே வேலை போட்டுக் கொடுத்தானே மகராசன் என்று அந்தக் குடும்பம் ஜப்பான்காரனை இன்றுவரை கும்பிட்டுக்கொண்டிருக்கிறது. ஜப்பான் தோற்றதில் பென்ஷன் போய், வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டு, மனுஷன் அங்கேயே தங்கிவிட்டார் என்பது வீரய்யாவின் தீர்ப்பு.

அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்று முன்கடையிலிருந்து பக்கீர் நானா குரல் கொடுத்தார். வீரய்யா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

திரையில் வெளிச்சம் வந்தது. முதியோர் இல்லத்துத் தாதி ஒருத்தி குனிந்து வணங்கினாள். பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு கிழவர், நூறு வயதைத் தாண்டியவர், தலையைத் தொங்கப்போட்டபடி இருந்தார். நீ பார்த்துக்கொள்ள வேண்டியவர் இவர்தான், எந்தப் பணிப்பெண்ணையும் இவருக்குப் பிடிப்பதில்லை என்றாள் தாதி.

சுதர்ஷினி மனப்பாடம் செய்ததைச் சொல்லத் தொடங்கினாள். பேர், ஊர், வயது. பாதியில் ரயில் வந்தது.

ஜன்னல் அதிர்ந்தது, மூட்டை அதிர்ந்தது, போன் குப்புற விழுந்தது. வளைவில் டிரைவர் விடாமல் ஹோன் அடித்தான். போச்சு, எல்லாம் போச்சு என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. போனை எடுத்து நிமிர்த்தியபோது அங்கே கிழவரின் தலையும் நிமிர்ந்திருந்தது.

அவர் எண்ணிக்கொண்டிருந்தார். இச்சி, நி, சான். ஒவ்வொரு எண்ணுக்கும் அவர் விரல் எதிரே யாரையோ தொட்டுத் தொட்டுக் காட்டியது. தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் காலையில் ஆள் எண்ணும் கணக்கப்பிள்ளையின் விரல் அப்படித்தான் போகும்.

தாதி கைதட்டினாள். மாதக்கணக்கில் வாய் திறக்காதவராம். இளவயதில் பட்டாளத்தில் இருந்து தாய்லாந்தில் ரயில் பாதை போட்டவர், எதை எண்ணுகிறாரோ, தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டைகளாக இருக்கும் என்று சிரித்தாள். உங்கள் ஊர் ரயில் இவரைப் பேசவைத்துவிட்டது, எப்போது வர முடியும் என்று கேட்டாள்.

அத்தனை ஜப்பானியப் பேச்சில் 'தாய்' என்ற ஒரு சொல் மட்டும் வீரய்யாவுக்குப் பிடிபட்டது. உன் அம்மாவைப் பற்றியா கேட்கிறார்கள் என்று சைகை காட்டினார். இல்லை, தாய்லாந்து, நம்ம சயாமாம், அங்கே ரயில் ரோடு போட்டவராம் என்று சுதர்ஷினி வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்பாவைச் சந்தோஷப்படுத்தலாமென்று அந்த ரயில் ரோட்டின் படத்தை அவள் ஒருநாள் போனில் தேடியிருந்தாள். மலாயாவில் தோட்டந்தோட்டமாகப் பிடித்துப் போன தமிழ் ஆட்கள், பட்டினி, அடி, காலரா. ஒரு சிலிப்பர் கட்டைக்கு ஓர் உயிர் என்று அங்கே எழுதியிருந்தது. மறுநாள் அப்பா வழக்கம்போல் யுத்தத்தை முடித்தபோது 'ம்' கொட்டினாள். இன்றுவரை கொட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

அடுத்த மாதமே வருகிறேன் என்று தாதியிடம் சொன்னாள். தன் குரல் கொஞ்சமும் நடுங்காதது அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

வீரய்யா பெட்டியிலிருந்து எழுந்துவிட்டார். கண்ணெல்லாம் நீர். போனுக்கு முன்னால் வந்து கிழவரைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார்.

"அப்ப நம்ம சின்னத்தாத்தாவ அவருக்குத் தெரிஞ்சிருக்கும். கேளு தாயி."

"போய்க் கேக்குறேன்ப்பா."

திரையில் கிழவர் இன்னும் எண்ணி முடிக்கவில்லை.